ஆறு குடைக்கம்பி, ஒரு கொலைகார ஈ

2020 மே மாதக் கடைசியில் வேப்பனப்பள்ளி பக்கம் நேரலகிரியில் எருக்கஞ்செடி முழுக்க வெட்டுக்கிளிகள் மொய்த்தன. வடக்கே பாலைவன வெட்டுக்கிளிகள் வயல்களை மொட்டையடித்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. கிருஷ்ணகிரி மாவட்டமே பதறியது. அதிகாரிகள் வந்து பார்த்து, இது பாலைவன வெட்டுக்கிளி இல்லை, எருக்கிலை தின்னும் உள்ளூர் ரகம் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த நாட்களில் எனக்கு வந்த ஒரு வாட்ஸப் வீடியோவை இன்னும் மறக்கவில்லை. இருபது விநாடிதான். கை நடுங்க எடுத்தது. ஒரு செடி, அதில் மஞ்சளும் நீலமுமாக அசையும் ஏதோ ஒன்று, பின்னால் "டேய், கிட்ட போவாத டா" என்று ஒரு குரல். கிராஃபிக்ஸ் இல்லை, பின்னணி இசை இல்லை. ஆனால் நான் பார்த்த எந்தப் பூச்சிப் படமும் அந்த அளவுக்கு வயிற்றைக் கலக்கியதில்லை.

அப்புறம்தான் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்பது நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். மரபு மாறிய ஒரு ஈ, ஒரு பட்டுப்புழுக் கொட்டகை, ஒரு ராத்திரி. மொத்தச் செலவு 11,400 ரூபாய். அதில் பாதிக்கு மேல் சாப்பாடும் பெட்ரோலும். நீங்களும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆளாக இருந்து, கையில் ஒரு போனும் மண்டையில் ஒரு பூச்சியும் இருந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.

1. பூச்சியைப் பெரிதாக்காதீர்கள்

புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற முதல் தப்பு இதுதான். லாரி அளவு கரப்பான், பனைமரம் உயர எறும்பு. இந்த ஆசை 1950களின் அமெரிக்கப் படங்களிலிருந்து வந்தது. 1954-ல் வந்த 'தெம்!' படத்தில் நியூ மெக்சிகோ பாலைவனத்து அணுகுண்டுச் சோதனையால் எறும்புகள் ராட்சதமாகிவிடும். அவர்களிடம் ஸ்டுடியோ இருந்தது, முழு அளவில் எந்திர எறும்பே செய்தார்கள். பணம் இல்லாதவர் அதையே செய்யப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1957-ன் 'பிகினிங் ஆஃப் தி எண்ட்' சாட்சி. இயக்குநர் பெர்ட் ஐ. கார்டன், சிகாகோ நகரக் கட்டடங்களின் புகைப்படத்தின் மேல் நிஜ வெட்டுக்கிளிகளை விட்டுப் படம் பிடித்தார். கட்டடத்தைத் தாண்டிக் கால் வைத்த வெட்டுக்கிளி ஆகாயத்தில் நடப்பதுபோல் தெரிந்தது. பயம் போய்ச் சிரிப்பு வந்தது.

விஞ்ஞானமும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியே காற்று நேராகக் குழாய்களுக்குள் போகிறது. உடம்பு பெருத்தால் உள்ளே காற்று போய்ச் சேராது. உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், அதைத் தாங்குகிற காலின் குறுக்குவெட்டுப் பரப்போ நாலு மடங்குதான் ஆகும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் ஆக்சிஜன் இப்போதைவிட அதிகமாக இருந்த காலத்தில்கூட, தும்பி போன்ற ஒரு பூச்சியின் இறக்கை விரிப்பு முக்கால் மீட்டருக்கு உள்ளேதான் இருந்தது.

பூச்சி சின்னதாகவே இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் இருக்கட்டும். 1974-ல் சால் பாஸ் இயக்கிய 'ஃபேஸ் ஃபோர்' படத்தில் எறும்புகள் சாதாரண எறும்பு அளவுதான். கென் மிடில்ஹாம் மிக நெருக்கத்தில் எடுத்த காட்சிகளில் அவை கூடிப் பேசித் திட்டம் போடுவதுபோல் இருக்கும், பார்க்கிற நமக்கு முதுகு சில்லிடும். நம்மூரில் 2012-ல் 'நான் ஈ' ஓடியபோது, ஒரு ஈயின் அளவை மாற்றாமலே வில்லனை ஓட ஓட விரட்ட முடியும் என்று எல்லோரும் பார்த்தோமே.

2. பயத்தை உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள்

அணுகுண்டெல்லாம் நமக்கு எதற்கு? நம் இரண்டு மாவட்டத்து விவசாயிகளுக்குத் தூக்கம் கெடுக்கிற பூச்சிகள் ஏராளம். மாம்பூவில் தத்துப்பூச்சி. தென்னையின் குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டு. 2018-ல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள் புகுந்த படைப்புழு. ஆனால் எங்கள் கைக்கு வந்தது இவை எல்லாவற்றையும்விடக் கொடூரமானது: ஊசி ஈ.

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிசு. கொட்டகைக்குள் நுழைந்து, வளர்ந்த பட்டுப்புழுவின் தோல்மேல் வெள்ளையாக ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து, உள்ளிருக்கும் புழு பட்டுப்புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போகும். போன இடத்தில் ஒரு கறுப்புத் தழும்பு. உள்ளேயே தின்று வளர்ந்து, கடைசியில் பட்டுப்புழுவையோ, அது கட்டிய கூட்டையோ ஓட்டை போட்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து இழை எடுக்க முடியாது. 1980 வாக்கில் வங்காளத்திலிருந்து வந்த கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து நம் பக்கமும் பரவிய ஈ இது. அதனால்தான் பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் புழுக் கொட்டகை ஜன்னல் எல்லாம் வலை போட்டு மூடியிருக்கும்.

நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஈ, புழுவை விட்டுவிட்டு மனிதத் தோலைத் தேடத் தொடங்குகிறது. கதாநாயகியின் புறங்கையில் ஒரு சின்னக் கறுப்புத் தழும்பு. அவ்வளவுதான், கதை முடிந்தது. பட்டு வளர்க்கும் வீட்டில் எவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஈ ஏன் மாறியது என்பதற்கு ஒரே ஒரு வசனம் போதும், நீட்டாதீர்கள். மருந்து, கழிவு என்று காரணம் வைத்தால் நிஜக் கம்பெனி பெயரோ, பெயர்ப்பலகையோ, டப்பாவின் லேபிளோ திரையில் தெரியக் கூடாது. கற்பனைக் கதைக்காக நிஜ வம்பு வேண்டாம்.

3. ஒரு கொட்டகை, ஒரு ராத்திரி, நாலு பேர்

திரைக்கதை பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள். ஒரே இடம், ஒரே ராத்திரி என்று வைத்துக்கொண்டால் உடை மாற்றம், போக்குவரத்து, வெளிச்சப் பொருத்தம் என்று பாதித் தலைவலி குறையும். முதல் மூன்று நிமிடம் ஈ வரவே கூடாது. வலையில் ஒரு கிழிசல், எடுக்காத போன், காரணமில்லாமல் நின்றுபோன சில்வண்டுச் சத்தம். ஈயை முழுதாகக் காட்டுவது படத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் ஒன்றரை விநாடி.

வசனத்தை எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். எங்கள் படத்தில் நடித்த பாட்டிக்கு வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். பயந்தால் இரண்டும் கலந்து வரும். அதை அப்படியே விட்டோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாட்டி சென்னைத் தமிழ் பேசினால் உள்ளூர்க்காரன் ஒருவனும் நம்ப மாட்டான்.

4. இடத்துக்குச் சொந்தக்காரரிடம் முதலில் கேளுங்கள்

இதில் நாங்கள் நன்றாக அடிபட்டோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புழு இருக்கும்போது கொட்டகைக்குள் வெளியாள் போகக் கூடாது. நோய்க்கிருமி செருப்பிலேயே வந்துவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை, பூச்சிமருந்து, ஏன், நீங்கள் அடித்துக்கொண்டு வருகிற சென்ட்கூடப் புழுவுக்கு ஆகாது. நான் முதல் நாள் புகை எஃபெக்ட் வேண்டும் என்று ஒரு சட்டியில் தேங்காய் நாரைக் கொளுத்திக்கொண்டு போனேன். கொட்டகைக்காரரான மாமா வாசலிலேயே மறித்துவிட்டார். "மாப்ள, ஒரு பேட்ச் போச்சுன்னா நீ குடுப்பியா காசு?" ஞாயம்தானே.

ஒரு பேட்ச் முடிந்து, கூடு தருமபுரி அங்காடிக்குப் போன பிறகு, அடுத்த பேட்சுக்குக் கழுவி மருந்து தெளிப்பதற்கு முன்னால் சில நாள் கொட்டகை காலியாகக் கிடக்கும். அதுதான் உங்கள் ஷூட்டிங் தேதி. ரேக் இருக்கும், காய்ந்த மல்பெரித் தண்டு இருக்கும், தரையில் தூவிய சுண்ணாம்பு இருக்கும். செட் போட்டால்கூட இவ்வளவு அமையாது. வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மாந்தோப்பு வேண்டுமானால் அறுவடைக் காலத்தில், அதாவது மே முதல் ஜூலை வரை, கேட்காதீர்கள். எல்லோரும் காய் பறிப்பிலும் லாரியிலும் இருப்பார்கள். பூ எடுக்கும் மாதங்களில் மருந்து அடிப்பார்கள், அப்போதும் வேண்டாம். ஆகஸ்டுக்குப் பிறகு தோப்பு சும்மா இருக்கும், இருட்டு அடர்த்தியாகவும் இருக்கும்.

ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பகுதிகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள். யானை நடமாடும் இடம், ராத்திரியில் தங்குவது விளையாட்டில்லை. கைவிட்ட கிரானைட் குவாரிப் பள்ளங்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆழம் தெரியாது. விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய்ச் சாலையோரத்தில் ட்ரைபாட் வைப்பதும் அதே ரகம்.

5. ஈ செய்வது

எண்ணிக்கையை முதலில் சரியாகப் பிடியுங்கள். கால் ஆறு, எட்டு அல்ல. எட்டுக்கால் என்றால் அது சிலந்தி, பூச்சி இனமே இல்லை. ஆறும் நடு உடம்பிலிருந்துதான் கிளம்பும், வயிற்றிலிருந்து அல்ல. ஈக்கு இறக்கை இரண்டுதான். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் எங்கள் முதல் பொம்மையைப் பார்த்து "அண்ணா, இது தேனீயா?" என்று கேட்டான், நாலு இறக்கை வைத்திருந்தோம்.

உடைந்த குடையின் கம்பிகள்தான் கால். மூட்டு ஏற்கெனவே இருக்கிறது, மடங்கும், விரியும். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, பழைய பிரஷ்ஷின் முடியை வெட்டிப் பசையில் ஒட்டினால் ரோமம். உடம்புக்குத் தெர்மாகோல், மேலே பழைய பனியன் துணியைப் பசையில் நனைத்துப் போர்த்திக் கறுப்புப் பெயின்ட். இறக்கைக்கு ஓஹெச்பி ஷீட் என்கிற கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள், அதில் மார்க்கரால் நரம்பு. கண்ணுக்குப் பிளாஸ்டிக் பந்தை இரண்டாக அறுத்து, உள்பக்கம் பபிள் ராப் ஒட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்தோம். விளக்கொளி பட்டதும் நூறு கண்போல் மின்னியது. கையளவு பொம்மை ஒன்று நெருக்கக் காட்சிக்கு, விரல்நுனி அளவில் பத்துப் பதினைந்து தூரக் காட்சிக்கு. போதும்.

முட்டைக் குவியலுக்கு ஓட்டை விழுந்த பட்டுக்கூடுகளைக் கேட்டு வாங்குங்கள். இழைக்கு ஆகாதவை என்பதால் மலிவாகக் கிடைக்கும். கூட்டுக்குள்ளிருந்து ஏதோ வெளியே வருகிற காட்சி வேண்டுமானால், மைதா உருண்டையை ஒரு தூண்டில் நரம்பில் கோத்து, கூட்டின் பின்பக்கத்திலிருந்து உள்ளே இழுங்கள். அதைப் படம்பிடித்து எடிட்டிங்கில் திருப்பிப் போட்டால், புழு தானே நெளிந்து வெளியே வருவதுபோல் இருக்கும்.

இனி ரத்தம். வெல்லப்பாகில் கலர் கலந்து ரத்தம் செய்தோம். பதினைந்து நிமிடத்தில் நிஜ எறும்புகள் வந்து நடிகர் சட்டை முழுக்க ஏறிவிட்டன. அந்த டேக்கில் அவர் போட்ட கூச்சல் நடிப்பு இல்லை, அதுதான் படத்திலும் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம், சோள மாவுக் கஞ்சியில் சிவப்புக் கலரும் ஒரு சிட்டிகை காபித் தூளும் போடுங்கள். வழவழப்புக்கு வெண்டைக்காயை நறுக்கி ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டிய நீர். நூல்நூலாக இழுக்கும்.

பூச்சியின் ரத்தம் சிவப்பில்லை, மஞ்சளோ வெளிர்பச்சையோதான். இங்கேதான் எங்களுக்கு ஒரு தந்திரம் அகப்பட்டது. ஆரத்திக்கு என்ன செய்வோம்? மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும். கொட்டகைத் தரையில்தான் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கிறதே. ஈயை நசுக்கியதும் மஞ்சள் கரைசல் தரையில் சொட்டும், சொட்டிய இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவக்கும். யாருடைய ரத்தத்தை அந்த ஈ குடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை பேசாமல் புரிந்துவிடும். ஐந்து ரூபாய் மஞ்சள்தூள். சுண்ணாம்பு கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் குனிந்து ஊதக் கூடாது.

காலிப் பூச்சிமருந்து டப்பாக்களை ஒருபோதும் படப்பொருளாக எடுக்காதீர்கள். கழுவினாலும் விஷம் ஒட்டியிருக்கும்.

6. உயிருள்ள பூச்சி வேண்டுமானால்

கொல்லக் கூடாது. சட்டப்படியும் பாருங்கள்: 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்பது மனிதர் தவிர்த்த எந்த உயிரும்தான். குளவிக் கூடு, மலைத்தேன் அடை பக்கம் கேமராவோடு போவது தற்கொலை.

இலவசமாகப் பட்டாளம் வேண்டுமா? மழை விட்ட சாயங்காலம் காத்திருங்கள். ஒரு வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டி, பின்னால் ஒரு பல்பைப் போடுங்கள். ஈசல் வந்து அப்பும். வேட்டிக்கு முன்னால் நடிகரை நிற்கவைத்து நிழலாக எடுங்கள். பத்து நிமிடத்தில் லட்ச ரூபாய்க் காட்சி. முடிந்ததும் பல்பை அணைத்துவிடுங்கள்.

7. போனில் எடுக்கும்போது

நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று பூட்டிவிடுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குப் பொருந்தாத எண் வைத்தால் டியூப்லைட் திரையில் துடிக்கும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், இல்லாவிட்டால் போன் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கும். மிக நெருக்கத்தில் எடுக்க, போனில் ஒட்டிக்கொள்ளும் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்குங்கள்.

நடு ராத்திரியில் எடுத்தால் போன் கேமராவில் புள்ளி புள்ளியாகத்தான் வரும். சூரியன் இறங்கிய பிறகு வரும் இருபது நிமிடத்தில் எடுத்து, பிறகு நீலம் கூட்டி இருட்டாக்குங்கள். பொம்மை லென்ஸுக்கு ஒரு சாண் தள்ளி, நடிகர் பத்தடி பின்னால். அப்போது கையளவு ஈ, பக்கத்தில் இருப்பதாலேயே, திரையில் ஆளளவு இடத்தை அடைக்கும்.

அசைவு முக்கியம். நிஜப் பூச்சி வழுக்கிக்கொண்டு நகராது. நகரும், சட்டென்று நிற்கும், முன்கால் இரண்டையும் தேய்க்கும். அந்தத் தேய்ப்பு மட்டும் வந்துவிட்டால் குடைக்கம்பி என்று யாருக்கும் தோன்றாது.

8. சத்தத்தில்தான் படம்

காசு மிச்சம் இருந்தால் மைக்கில் போடுங்கள், கேமராவில் அல்ல. கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்துப் பட்டுப்புழுக்கள் மல்பெரி தின்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? ஓட்டுக்கூரையில் தூறல் விழுவதுபோல் இருக்கும். மாமாவை அடுத்த பேட்சில் பதிவு செய்து தரச் சொன்னோம், நாங்கள் உள்ளே போகவில்லை. படத்தில் அதை மழை என்று முதலில் காட்டினோம். கதாநாயகி ஜன்னலைத் திறக்கிறாள், வெளியே வறண்டு கிடக்கிறது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இறக்கைக்கு மேஜை விசிறியில் ஒரு காகிதத் துண்டை உரசவிடுங்கள். ஓடு நொறுங்க அப்பளம். சதை கிழிய ஈரத்துணிக்குள் வைத்து முறித்த முருங்கைக்காய். ராத்திரிச் சில்வண்டுச் சத்தத்தை ஐந்து நிமிடமாவது தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைத் திடீரென்று வெட்டி நிறுத்துவதைவிட மலிவான பயம் கிடையாது.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். கணினி இல்லையென்றால் போன் செயலியே செய்யும். பொம்மை திரையில் தெரியும் ஒவ்வொரு காட்சியிலும் கடைசி அரை விநாடியை வெட்டுங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள்.

9. காட்டுவது

யூடியூபில் போடுவதற்கு முன் ஊரில் ஒரு சுவரிலோ வேட்டியிலோ போட்டுக் காட்டுங்கள். நகரத்து நண்பன் "சூப்பர்" என்பான், அதில் பிரயோஜனம் இல்லை. பட்டு வளர்க்கிற அத்தை ஒருவர் "தழும்பு இன்னும் மேல இருக்கணும் கண்ணு, தண்ணி படற எடத்துல ஒட்டாது" என்று சொன்னார். மறுபடி எடுத்தோம்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதீர்கள். படத்திலிருந்து துண்டு வீடியோவை விளம்பரத்துக்குப் போடும்போது அதன்மேலேயே படத்தின் பெயரும் "குறும்படம்" என்ற சொல்லும் இருக்கவேண்டும், கீழே எழுதும் குறிப்பில் அல்ல, படத்துக்குள்ளேயே, வெட்டியெடுக்க முடியாத இடத்தில். எங்கள் டீசரில் அது இல்லை. மூன்றாம் நாள் அது என் சித்தப்பாவின் போனுக்கே "நம் மாவட்டத்தில் மனிதரைத் தாக்கும் ஈ, எச்சரிக்கை, அனைவருக்கும் பகிரவும்" என்று வந்து சேர்ந்தது. அவர் அதை எனக்கும் அனுப்பி, கொட்டகைப் பக்கம் போகாதே என்றார்.